விட்டுப்போன ஒரு உம்

வேப்பந்தட்டையில் வந்து அய்யம்பெருமாள் வீடு எது என்று கேட்டால் நாலு அய்யம்பெருமாளைக் காட்டுவார்கள். 'உம் கொட்டுற அய்யம்பெருமாள்' என்று கேளுங்கள், ஒரே வீட்டில் கொண்டு போய் விடுவார்கள். காலையிலும் சாயங்காலமும் சொசைட்டியில் பால் அளப்பது அவர் தொழில். நடுவில் கிடைக்கிற நேரத்தில் டிவிஎஸ் வண்டியில் ஊர் ஊராய்ப் போய் அடுத்தவர் சொல்வதைக் கேட்பது அவர் வியாதி. சொசைட்டிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் இந்த வியாதியை இருபது வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

கதை சொல்கிறவருக்கு உம் கொட்டுவது லேசான காரியம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை கொட்டிப் பார்க்க வேண்டும். சொல்கிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் உம் விழவேண்டும். முந்தினால் விரட்டுகிற மாதிரி இருக்கும், பிந்தினால் தூங்கிவிட்ட மாதிரி இருக்கும். அய்யம்பெருமாள் உம் கொட்டினால் ஜென்மத்தில் வாய் திறக்காத ஆள்கூடப் பேச ஆரம்பித்துவிடுவார். நானே என் பாகப்பிரிவினைச் சண்டையை அவரிடம் மூன்று தடவை முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வந்தார்கள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பெரியவர்கள் வாயோடு கிடக்கிற ஊர் வரலாற்றையெல்லாம் பதிவு செய்து, எழுத்திலும் ஏற்றி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்தில் போடுகிறோம், கிராமங்களுக்குப் போக ஆள் வேண்டும் என்றார்கள். அய்யம்பெருமாளிடம் உள்ளங்கை அகல ரெக்கார்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் பதிவு செய்து வருவார், நான் என் கடை கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவேன், உடையார்பாளையத்தில் இலக்கியா என்ற பெண் வீட்டிலிருந்தபடியே கேட்டு ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்வாள். நாங்கள் இரண்டு பேரும் அவளை நேரில் பார்த்ததில்லை, போனில் திட்டு மட்டும் வாங்கியிருக்கிறோம்.

திட்டெல்லாம் அந்த உம்முக்காகத்தான். திருமழபாடியில் ஒருவர் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த கதையைச் சொல்லியிருந்தார், பதிவில் வெள்ளத்தைவிட இவருடைய உம் பெரிதாகக் கேட்டது. "அண்ணே, தலைய மட்டும் ஆட்டுங்க, வாயத் தெறக்காதீங்க" என்று இலக்கியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மனுஷனுக்கு அது சாப்பிடாமல் இருக்கிற மாதிரி. வாய் தானாகத் திறந்துவிடுகிறது என்று கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பதிவு ஆரம்பிக்கும்போது ஒரு புளியங்கொட்டையை வாயில் போட்டு நாக்குக்கடியில் அடக்கிக்கொள்வார். முடிந்ததும்தான் துப்புவார். என் கடை வாசலில் அவர் துப்பின கொட்டைகளை நான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

ஊருக்காகச் செய்கிறேன் என்பார். அதை நான் நம்பியதில்லை. ஒவ்வொரு பதிவு முடிந்ததும், ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, ஒரு கேள்வி கேட்பார். "அமாவாசைன்னு ஒருத்தர ஆத்தூர்ப் பக்கம், சேலம் பக்கம் எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்."

அமாவாசை அவருடைய அப்பா. இவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது கடலைக்கொட்டை வாங்கி வருகிறேன் என்று போனவர். திரும்பவில்லை. ஆத்தூர் பஸ் ஏறினதைப் பார்த்தேன் என்று யாரோ சொல்ல, ஓடிப்போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அய்யம்பெருமாளுக்கு 'ஓடிப்போனவன் மவன்' என்றுதான் பேர். எங்கள் வகுப்பில் அப்படிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தன், அதை இங்கே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அவர் அம்மா முத்தாயிக்கு இப்போது அறுபத்து நாலு வயது. நெற்றியில் குங்குமம் குறைந்ததில்லை. ஆனால் மாதாமாதம் அமாவாசை அன்று, தெருவில் எல்லா வீட்டிலும் செத்தவர்களுக்குப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைக்கிற நேரத்தில், அந்த வீட்டில் மட்டும் அடுப்பு எரியாது. ஏம்மா என்று ஒருதடவை கேட்டேன்.

"எல போட்டா அவரு செத்துட்டாருன்னு ஆயிடும் தம்பி. போடலன்னா எங்கள வுட்டுட்டு ஓடிட்டாருன்னு ஆயிடும். நான் எதச் செய்யறது சொல்லு. அன்னிக்கு ஒரு நா பட்டினி கெடந்தா யாருக்கும் கெட்ட பேரு இல்ல."

இப்படி நாற்பத்திரண்டு வருடம்.

போன பங்குனியில் கிணறு வெட்டினவர்களின் கதை வேண்டும் என்று கல்லூரியில் கேட்டார்கள். மலையடிவாரத்தில் சாமிதுரை என்று ஒரு பெரியவர் இருக்கிறார், வயசுக் காலத்தில் எழுபது கிணறு வெட்டினவர் என்று யாரோ சொல்ல, அய்யம்பெருமாள் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சோளக்காட்டு நடுவில் தகரம் போட்ட கொட்டகை. சாமிதுரைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. மகன் வீடு ஊருக்குள் இருந்தும் அவர் அந்தக் காட்டை விட்டு வரமாட்டேன் என்று கிடந்தாராம். உச்சி வெயிலில் ஐம்பது நிமிடம் பேசினார். திரும்பி வந்த அய்யம்பெருமாள் என் கடையில் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்று சொன்னார்.

"கண்ணு தெரியாத ஆளு சக்தி. அவருகிட்ட, அப்பாவப் பாத்திருக்கீங்களான்னு கேக்க எனக்கு வாய் வரல. நான் தலையாட்டுறதும் தெரியாது. கொட்ட வாயில இருக்கு, உம்மும் கொட்டல. ஆனா எங்கயும் நிறுத்தல, கேக்குறியான்னு ஒரு வார்த்த கேக்கல. மூச்சு வாங்குறதுக்கு நிப்பாரு, அப்பறம் மேல சொல்லுவாரு. என்னன்னே வெளங்கல."

எனக்கும் அப்போது விளங்கவில்லை. பதிவை அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் இலக்கியா போன் செய்தாள். அய்யம்பெருமாள் கடையில்தான் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, எத்தன தடவ சொல்றது? பழையபடி உம் கொட்ட ஆரம்பிச்சிட்டீங்க."

"இல்லம்மா. நான் வாயே தெறக்கல."

"நாப்பத்தி ரெண்டு எடத்துல இருக்குண்ணே. எண்ணிட்டுத்தான் பேசறேன். கொஞ்சம் தள்ளி உக்காந்திருந்தீங்களோ என்னவோ, தூரமா கேக்குது. இருவத்தி ஏழாவது நிமிசத்துல ஒரு எடத்துல மட்டும் மறந்துட்டீங்க. அங்க மட்டும் சுத்தமா இருக்கு."

போனை வைத்துவிட்டு நான் பதிவைப் போட்டேன். சாமிதுரையின் கட்டைக் குரல். கம்பும் கடப்பாரையும் கொண்டு பாறையில் எப்படி வெடித் தோட்டாவுக்குக் குழி போடுவது என்று சொல்கிறார், மூச்சுக்கு நிற்கிறார்.

"ம்ம்."

அய்யம்பெருமாள் குரல்தான். ஆனால் அவர் பக்கத்திலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. ஈரமான குரல், ஆழத்தில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொல்கிற மாதிரி. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, அதனால் தகரத்தில் பட்ட எதிரொலி என்றேன், பக்கத்துக் காட்டில் மாடு என்றேன், ரெக்கார்டர் பழுது என்றேன். மாடு எங்கேயாவது சொல்கிறவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்துச் சரியாக உம் கொட்டுமா? மத்தியானம் மூன்று மணி, வெளியே பஸ் ஹாரன், கடையில் ஆதார் நகல் எடுக்க ஆள் நிற்கிறது. எனக்கு எழுந்து ஓடலாம் போலிருந்தது.

"வாயில கொட்ட இருந்துச்சு சக்தி" என்று அய்யம்பெருமாள் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபத்தேழாவது நிமிடத்துக்குத் தள்ளினேன். சாமிதுரை ஒரு கிணறு சரிந்த கதையைச் சொல்கிறார். தன் காலில் முள் குத்தி வீங்கியிருந்ததால் அன்றைக்கு உள்ளே இறங்காமல் மேலே நின்று கயிறு பிடித்தாராம். பக்கம் சரிந்து மண்ணும் பாறையும் உள்ளே இறங்கிவிட்டதாம். "உள்ள இருந்தது மூணு பேருங்க. மூணு பேரையும் பொணமா எடுத்துட்டோம். அப்பறம் கெணத்த மூடிட்டாங்க. இந்தா, இந்தக் கொட்டாய்க்குப் பின்னாலதான்." அங்கே நிற்கிறார். மூச்சு விடுகிறார். காற்று மட்டும் கேட்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறார், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு கிணற்றுக்குப் போய்விடுகிறார். அடுத்த மூச்சில் உம் பழையபடி வருகிறது.

தன் குரல் மாதிரியே இருக்கிறது, தன்னுடையது இல்லை என்றால் யாருடையது என்று அம்மாதான் சொல்லவேண்டும் என்று அய்யம்பெருமாள் என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தனியாகப் போய் அம்மாவிடம் இதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. முத்தாயி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் செல்போனில் முதலிலிருந்து போட்டேன். முதல் உம் வந்தது. கிள்ளுகிற கை நின்றது. இரண்டாவது வந்தது. கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது.

"உங்கப்பாடா" என்றார். அழவில்லை. பக்கத்துத் தெருவில் வருகிறவரை அடையாளம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "கடேசில லேசா மேல தூக்குவாரு. நீயும் அப்படித்தான் கொட்டுற, ஆனா நீ தூக்க மாட்ட."

இருபத்தேழாவது நிமிடம் வந்தது. மூணு பேருங்க. காற்று.

"இன்னொரு தடவ போடு தம்பி."

போட்டேன்.

"பொய்யின்னு பட்டா உம் கொட்ட மாட்டாரு" என்றார் முத்தாயி. "சண்ட போடமாட்டாரு, ஒண்ணும் பண்ணமாட்டாரு. வாய மூடிக்குவாரு. எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வந்து சந்தைக்குப் போனேன்னு ஒருக்கா சொன்னேன். அன்னிக்குப் பூரா உம்மே இல்ல." செல்போனைக் காட்டினார். "பேசறது ஆரு?"

"சாமிதுரைன்னு, மலையடிவாரத்துல..." என்று இழுத்தார் அய்யம்பெருமாள்.

"உங்கப்பா பஸ் ஏறினதப் பாத்தேன்னு அன்னிக்கு எங்கிட்ட வந்து சொன்னவன்." முத்தாயி எழுந்து சேலையை உதறினார். "அந்தக் கெணறு சரிஞ்சது உங்கப்பா போன அதே வாரந்தான். வண்டிய எடு."

நான் ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்தேன். வழியில் அய்யம்பெருமாள் பழக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், போட்டதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. கொட்டகைக்குப் பின்னால் மட்டும் ஒரு வட்டம் முளைக்காமல் கிடந்தது. நடுவில் தரை லேசாக உள்வாங்கியிருந்தது.

சாமிதுரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கைபேசியை அவர் காதுப் பக்கம் வைத்துப் போட்டேன். தன் குரலையே கேட்டுச் சிரித்தார். உம் வந்தது, தலையாட்டினார்.

"நல்லா உம் கொட்டுவீங்க தம்பி. அன்னிக்கே நெனச்சேன், இந்தக் கொரல எங்கயோ கேட்டிருக்கமேன்னு."

"அது நான் இல்லீங்க பெரியவரே. நான் அன்னிக்கு வாய் தெறக்கல" என்றார் அய்யம்பெருமாள்.

சாமிதுரையின் சிரிப்பு நின்றது. பார்வை இல்லாத கண்ணைக் கொட்டகைக்குப் பின்பக்கம் திருப்பினார். நாங்கள் ஒருவரும் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்கவில்லை.

"நான் அமாவாச பொண்டாட்டி" என்றார் முத்தாயி. "உள்ள எத்தன பேரு சாமிதொர?"

அந்த மனுஷன் உடம்பு ஆடிய ஆட்டத்தில் கட்டில் சத்தம் போட்டது.

"நாலு பேரு தாயி."

கடலைக்கொட்டை வாங்க அந்த வழியாக வந்த அமாவாசையை அவர்தான் கூப்பிட்டிருக்கிறார். கால் வீங்கிக் கிடக்கு, சாப்பாட்டு நேரம் வரைக்கும் என் எடத்துல எறங்குடா என்று. மேலே வேலை செய்தவர்கள் கஞ்சிக்குப் போயிருந்த நேரம். அமாவாசை உள்ளே இறங்கினதைப் பார்த்தது இவரும் கிணறு வெட்டச் சொன்ன காட்டுக்காரரும் மட்டும்தான். மூன்று பேரை எடுத்ததும், கிணறு வெட்டுகிற செட்டில் பேர் இருக்கிறது மூன்றுதான், பேர் இல்லாத ஆள் உள்ளே கிடக்கிறான் என்று தெரிந்தால் போலீஸ் நம்மை விடாது என்று காட்டுக்காரர் அவசரமாக மூடச் சொல்லிவிட்டார். ஆத்தூர் பஸ் கதையைக் கட்டினது சாமிதுரை. காட்டுக்காரர் செத்து இருபது வருடம் ஆயிற்று.

"மத்தவங்க போனப்பறம் ஒரு ராவு முழுக்க அடியில இருந்து சத்தம் கேட்டுச்சு தாயி" என்றார் சாமிதுரை. "நான் மேல இருந்து, இந்தா எடுத்துர்றோம், எடுத்துர்றோம்னேன். அவன் உம்முன்னான். ஒவ்வொரு தடவையும் உம்முன்னான். அப்பறம் மூடிட்டாங்க. அதான் நான் இந்தக் காட்ட வுட்டுப் போவல."

எனக்கு அந்தக் கிழவரை அடிக்கக் கை வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. முத்தாயி என் கையைத் தட்டிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். அய்யம்பெருமாள் பின்னாலேயே போனார். பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து மண்ணில் வைத்து அமுக்கினார். ஏன் அமுக்கினோம் என்று தனக்கே தெரியாது என்று பின்னால் சொன்னார்.

"ஏங்க" என்று முத்தாயி மண்ணைப் பார்த்து ஆரம்பித்தார். "நீங்க போயி மூணு நாளு கழிச்சு அய்யம்பெருமாளுக்குக் காச்ச கண்டுச்சு." நின்றார். காற்றில் சோளத்தாள் சலசலத்தது. முத்தாயி மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"உம் கொட்ட ஆளில்லாம நான் எப்புடிடா சொல்றது?"

அய்யம்பெருமாள் புளியங்கொட்டையைத் துப்பினார். "ம்ம்" என்றார்.

முத்தாயி சொன்னார். காய்ச்சல், பள்ளிக்கூடம், தன் நகை போனது, கூரை மாற்றி ஓடு போட்டது, மருமகள் வந்தது, பேத்தி நர்சிங் படிப்பது என்று நாற்பத்திரண்டு வருடத்தையும் கூட்டிக் குறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு மூச்சுக்கும் மகன் உம் கொட்டினார். நான் கொஞ்சம் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தேன். கடைசியில் முத்தாயி குரல் இறங்கியது.

"ஊரு சொன்னத நானும் நம்பிட்டங்க. ஒரு நா ரெண்டு நா இல்ல, ரொம்ப நா. நீங்க எங்கயோ சொகமா இருக்கீங்கன்னு நெனச்சு உங்கள வஞ்சிருக்கேன், மண்ண வாரித் தூத்தியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க."

அந்த இடத்தில் அய்யம்பெருமாளுக்கு உம் வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முத்தாயி தலை குனிந்தபடி காத்திருந்தார். அப்புறம் சரி என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, கையை ஊன்றி எழுந்துகொண்டார்.

தோண்டிப் பார்க்கலாமா என்று அய்யம்பெருமாள் கேட்டதற்கு முத்தாயி வேண்டாம் என்றுவிட்டார். "நாலு பேருன்னு ஊருக்குத் தெரியட்டும், அது போதும்." அடுத்த வாரம் சாமிதுரை அத்தனையையும் பதிவுக்கு மறுபடி சொன்னார், தன் பேர் போட்டே வெளியிடச் சொன்னார். அந்தப் பதிவில் ஒரு உம்கூட இல்லை. மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் அவர் காத்திருப்பது மட்டும் கேட்கிறது.

அம்மா சொன்னதையும் போடலாமா என்று அய்யம்பெருமாள் தயங்கினபோது, "ஓடிப்போனாருன்னு சொன்ன வாயெல்லாம் காது குடுத்துக் கேக்கட்டும்" என்று முத்தாயிதான் அனுப்பச் சொன்னார். ஒரு வாரத்தில் இலக்கியா போன் செய்தாள். இந்தத் தடவை திட்டவில்லை, குரல் கம்மியிருந்தது.

"டைப் பண்ணிட்டேண்ணே. இதுல உம் கொட்டினது நீங்கதானே? அறுபத்தி மூணு எடத்துலயும் உங்க பேருதான் போட்டிருக்கேன். கடேசி உம் மட்டும் கொஞ்சம் தூரமா இருக்கு."

"கடேசி உம்மா?"

"ஆமா. மனசுல வச்சுக்காதீங்கன்னு அம்மா சொல்றாங்கல்ல, அதுக்கப்பறம்."

நான் பதிவைத் தேடி அந்த இடத்தைப் போட்டேன். முத்தாயி சொல்லி முடிக்கிறார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அது அய்யம்பெருமாள். சோளத்தாள் சத்தம். பிறகு கீழேயிருந்து, கடைசியில் லேசாக மேலே தூக்கி, "ம்ம்."

அய்யம்பெருமாள் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இலக்கியா, அந்த ஒண்ணுக்கு மட்டும் பேர மாத்தணும்மா."

"ஆரு பேருண்ணே போடணும்?"

"அமாவாசைன்னு போடும்மா."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் ஒரு நொடி நின்றது. "ம்ம்" என்றாள். பிறகு டைப் செய்கிற சத்தம் கேட்டது.

வருகிற அமாவாசைக்கு முத்தாயி வீட்டில் இலை போடுகிறார்கள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.